நான்காம் வேற்றுமை நீக்கப்பட்ட கட்டடம்

உணர்வு அளவைத் துறையின் வலிச் சான்றுப் படிவத்தில் முன்பெல்லாம் பதினான்கு கட்டங்கள் இருந்தன. இப்போது பதின்மூன்றுதான். வலி எந்த இடத்தில், எத்தனை நாளாக, குத்தலா எரிச்சலா இழுப்பா, படுத்தால் அதிகமா நடந்தால் அதிகமா என்றெல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியில் 'யாருக்கு?' என்று ஒரு கட்டம் இருந்தது. அதைத்தான் எடுத்துவிட்டார்கள். எடுப்பதற்கு ஏழு பேர் கொண்ட குழு இரண்டு வருஷம் உட்கார்ந்தது. வலி என்பது நரம்பில் ஓடும் மின்சாரம், மூளையில் நடக்கும் ரசாயனம், அதற்கு மேல் ஒன்றுமில்லை. மின்சாரமும் ரசாயனமும் யாருக்கும் நடப்பதில்லை, சும்மா நடக்கின்றன. ஆகவே 'யாருக்கு' என்ற கேள்வியில் பொருளில்லை என்று குழு கண்டுபிடித்தது. பெரிய பெரிய ஆட்கள் தலையைப் பிய்த்துக்கொண்ட ஒரு கேள்வியை இவர்கள் ஒரு கட்டத்தை அடித்தே தீர்த்துவிட்டார்கள். காகிதமும் மிச்சம்.

ஆனால் கட்டம் போன பிறகும் தொல்லை போகவில்லை. இந்த மொழியில் அந்தக் கேள்வி கட்டத்தில் மட்டும் உட்கார்ந்திருக்கவில்லை, வாயைத் திறந்தாலே வந்து நின்றது. பசிப்பதும் வலிப்பதும் குளிர்வதும் பிடிப்பதும் புரிவதும் தெரிவதும் யாருக்காவதுதான். 'எனக்கு' என்றோ 'அவளுக்கு' என்றோ ஒரு 'கு' வந்து ஒட்டிக்கொள்கிறது. நான்காம் வேற்றுமை உருபு என்று பள்ளிக்கூடத்தில் காதைத் திருகிச் சொல்லிக்கொடுத்தார்களே, அதே 'கு'. அறிவியலுக்கு ஒவ்வாத அந்த உருபை வளாகத்துக்குள் யாரும் உச்சரிக்கக் கூடாது என்று சுற்றறிக்கை போனது. வாசலில் எச்சில் துப்பாதீர், புகை பிடிக்காதீர் என்ற இரண்டு பலகைகளோடு மூன்றாவதாக ஒன்று ஏறியது: 'கு தவிர்ப்பீர்.' இதை எழுதும் நான் அந்த வளாகத்துக்கு வெளியே இருக்கிறேன். அதனால் தாராளமாகப் பயன்படுத்துகிறேன்.

முதல் மூன்று மாதம் ஊழியர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்ல முடியாமல் 'வீடு நோக்கி' என்றார்கள். பேருந்தில் ஏறியும் நாக்கு திரும்பாமல் 'மேம்பாலம் நோக்கி ஒன்று' என்று டிக்கெட் கேட்டு நடத்துநரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். கடைசியில் துறை மனம் இரங்கியது. ஊர், வீடு, கடை, கழிப்பறை ஆகிய நான்கு இடங்களோடு மட்டும் 'கு' சேர்க்கலாம் என்று விலக்கு அளித்தது. ஆட்களோடு சேர்க்க விலக்கு இல்லை.

இப்படிப்பட்ட இடத்துக்குத்தான் ஒரு லிஃப்ட் மெக்கானிக் போய்ச் சேர்ந்தார்.

மெக்கானிக்குக்கு ஐம்பது வயது. நகரத்தில் பதினேழு கட்டடங்களின் லிஃப்டுகள் அவர் பொறுப்பு. அவரைவிட எட்டு வயது மூத்த அக்கா ஒருத்தர். அக்கா ஒரு சட்டைக் கம்பெனியில் பொத்தான் தைக்கும் பிரிவில் வேலை பார்த்தார். இருவரும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களிடம் அக்கா, "இவனை எவ கட்டுவா, என்னை எவன் தாங்குவான்" என்று சொல்லிச் சிரிப்பார். அவர் சொன்னதில் பாதி உண்மை. அந்த வாயை யாராலும் தாங்க முடியாது.

ஐந்து மாதத்துக்கு முன்னால் மாடி வீட்டுக்காரர் தண்ணீர்த் தொட்டியை மூடாமல் போனதற்காக அக்கா அவரைப் படிக்கட்டில் நிறுத்திப் பேசிக்கொண்டிருந்தார். 'உங்க வீட்டு ஆளுங்க என்னிக்காவது' என்ற இடத்தில் நின்றுவிட்டார். பக்கவாதம். மீதி வாக்கியம் இன்றுவரை வெளியே வரவில்லை. வலது பக்கம் முழுக்கப் போய்விட்டது, பேச்சு போய்விட்டது. கண் மட்டும் ஆளைப் பார்க்கும், சில சமயம் பார்க்காது. மருத்துவமனையின் நெடுநாள் பிரிவில் ஆறாம் எண் படுக்கை.

படுத்தே கிடந்ததில் இடுப்பில் புண் வந்தது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் போட வேண்டும். இடது பக்கம் திருப்பும்போதெல்லாம் அக்காவின் இடது கட்டைவிரல் உள்ளங்கைக்குள் மடங்கும், கண்ணில் நீர் கோக்கும், மூக்கிலிருந்து 'ங்' என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் மெக்கானிக்குக்குப் பழக்கமானது. முப்பது வருஷத்துக்கு முன்னால் தையல் ஊசி கட்டைவிரலில் ஏறி நகத்தைத் துளைத்து வெளியே வந்த அன்றும் அக்கா வாயை இறுக்கி மூடிக்கொண்டு அதே சத்தம்தான் போட்டார். பிறகு, "ஒண்ணுமில்லடா, நீ சாப்பிடு" என்றார். இப்போது அந்த 'ஒண்ணுமில்லடா'வும் இல்லை.

"எனக்கு நல்லாவே தெரியுதுண்ணே, அக்காவுக்கு வலிக்குது" என்றார் நர்ஸ். "ஆனா ஊசி போட எனக்கு அதிகாரம் இல்ல. வாய்விட்டுச் சொல்றவங்களுக்கு டாக்டர் எழுதிடுவார். சொல்ல முடியாதவங்கன்னா அந்த ஆபீஸ்ல சான்று வாங்கிட்டு வரணும்."

"வலிக்குதுன்னு நீங்க சொன்னாப் போதாதாம்மா?"

"நான் என்ன மெஷினா?" என்றார் நர்ஸ். அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை.

மெக்கானிக் மறுநாள் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு துறைக்குப் போனார். கவுண்டரில் கண்ணாடி போட்ட ஒரு அம்மா இருந்தார். முகத்தில் எரிச்சலே இல்லாத அலுவலர். 

"எங்க அக்காவுக்கு வலிக்குதுங்க. ஒரு சான்று வேணும்."

அந்த அம்மா மெதுவாகப் பலகையைக் காட்டினார். "நடுவுல ஒரு சொல் வந்தது சார். அது வேணாம்."

"எது மேடம், வலிக்குதுன்னா?"

"அது பரவாயில்ல. இன்னும் முன்னால."

"அக்காவா?"

"அக்கா இருக்கலாம். அக்காவோட வால்ல ஒட்டிக்கிட்டு வருதே, அது."

மெக்கானிக் பலகையை மறுபடியும் படித்தார். "வலிக்குதுலயும் ஒரு கு இருக்கே மேடம்."

"அது வினை. வினையை விட்டுட்டோம்."

பிறகு அந்த அம்மா பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். ஆறாம் எண் படுக்கையில் உள்ள உடலில் வலி நிகழ்கிறது. அப்படித்தான் சொல்ல வேண்டும், அப்படித்தான் எழுத வேண்டும். மெக்கானிக் மூன்று முறை சொல்லிப் பார்த்தார். மூன்றாவது முறை பிழையில்லாமல் வந்தது. எழுத உட்கார்ந்தவர் பேனாவை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

"உடல்னு செத்தவங்களைத்தானே மேடம் சொல்வாங்க?"

"இங்க எல்லாருமே உடல்தான் சார். நானும் உடல்தான்" என்று அந்த அம்மா ஒரு வருத்தமும் இல்லாமல் சொன்னார். மணி ஒன்றானது. "இங்கே பசி நிகழ்கிறது" என்று பொதுவாக அறிவித்துவிட்டு, 'மதிய உணவு நோக்கி' என்ற அட்டையைக் கவுண்டர் கண்ணாடியில் சாய்த்து வைத்துவிட்டுப் போனார்.

மூன்று வாரம் கழித்து அளவை அலுவலர் ஒருவர் கருவியைத் தள்ளுவண்டியில் வைத்து உருட்டிக்கொண்டு ஆறாம் எண் படுக்கைக்கு வந்தார். இந்த மூன்று வாரத்தில் அக்காவை இருநூற்றைம்பது தடவை திருப்பிப் போட்டிருப்பார்கள். எத்தனை 'ங்' என்று யாரும் குறித்து வைக்கவில்லை. கருவி நன்றாக இருந்தது. மெக்கானிக்குக்கு நல்ல கருவியைப் பார்த்தால் மதிப்பு வரும். இருபத்து நான்கு கம்பிகள், ஒவ்வொன்றும் ஒரு நிறம். எல்லாவற்றையும் கண்ணால் தொட்டுக்கொண்டே போனவர் ஓரிடத்தில் நின்றார்.

"எர்த் லூசா இருக்குங்க" என்று சொல்லிவிட்டு, சட்டைப் பையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்து அவரே முடுக்கிக் கொடுத்தார். அளவை அலுவலர் நன்றி சொன்னார்.

"நீங்களும் கொஞ்சம் உக்காரணும். வலி இல்லாத உடல் ஒண்ணு பக்கத்துல வேணும். அதை வெச்சுத்தான் பூஜ்யம் பிடிப்போம். ஒப்பீட்டு உடல்னு பேரு."

மெக்கானிக் ஸ்டூலில் உட்கார்ந்தார். பன்னிரண்டு கம்பிகள் அக்காவின் தலையில், பன்னிரண்டு கம்பிகள் அவர் தலையில். பசை காயும்வரை அளவை அலுவலர் பேச்சுக் கொடுத்தார்.

"லிஃப்ட் வேலைன்னு சொன்னாங்க. லிஃப்ட் முனகும்ல?"

"முனகும். பேரிங் தேஞ்சா முனகும்."

"அப்ப லிஃப்ட்ல வலி நிகழுதா?"

"இல்லீங்க."

"எப்படிச் சொல்றீங்க?"

மெக்கானிக் யோசித்தார். இருபத்தேழு வருஷமாக லிஃப்டின் கூரைமேல் நிற்கிறார், இதை யாரும் கேட்டதில்லை. "உள்ள யாரும் இல்லையேங்க."

"இந்தப் படுக்கையில உள்ள யார் இருக்கா?"

"அக்கா."

'மனுதாரர் ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வருகிறார்' என்று அளவை அலுவலர் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

பிறகு நர்ஸைப் பார்த்துத் தலையசைத்தார். நர்ஸ் ஒரு கையைத் தோளுக்கடியிலும் ஒரு கையை இடுப்புக்கடியிலும் கொடுத்து அக்காவை இடது பக்கமாகத் திருப்பினார். கட்டைவிரல் மடங்கியது. 'ங்' வந்தது. கருவியில் அக்காவின் கோடு கொஞ்சம் அலைந்துவிட்டு அடங்கியது. வலி என்றால் கோடு எப்படி எழ வேண்டும் என்று கருவிக்கு ஒரு மாதிரி சொல்லிக்கொடுத்திருந்தார்கள்; அப்படி எழச்செய்யும் பகுதி அக்காவின் மூளையில் ஐந்து மாதத்துக்கு முன்பே செத்துப்போயிருந்தது. மெக்கானிக்கின் கோடு காகிதத்தின் ஓரத்தைத் தாண்டிப் போனது.

"அற்புதம்" என்றார் அளவை அலுவலர். கருவி பொய் சொல்லவில்லை. எர்த்தும் சரியாக இருந்தது.

எட்டு நாளில் சான்று தபாலில் வந்தது. நல்ல கெட்டிக் காகிதம், முத்திரை. வலி: உள்ளது. கடுமை: பத்தில் ஒன்பது. இடம்: ஒப்பீட்டு உடல். வாரம் மூன்று ஊசி அனுமதிக்கப்படுகிறது. ஒப்பீட்டு உடல் துறையின் தரைத்தள அறைக்கு நேரில் வந்து போட்டுக்கொள்ளவும்.

மெக்கானிக் அதை நான்கு தடவை படித்தார். நர்ஸிடம் கொடுத்தார். நர்ஸ் படித்துவிட்டு, "ஊசியை உங்க கைல கொடுத்தாங்கன்னா நான் அக்காவுக்குப் போட்டுடறேண்ணே" என்றார். ஆனால் ஊசியைக் கையில் கொடுக்க மாட்டார்கள் என்று அடியில் சின்ன எழுத்தில் இருந்தது.

துறைத் தலைவரைப் பார்க்க நான்காவது மாடி ஏற வேண்டும். லிஃப்ட் பழுது. கை பரபரத்தாலும் மெக்கானிக் படிக்கட்டில்தான் போனார். தலைவரின் அறை பெரியது. கதவோரம் ஒரு பியூன் நோட்டும் பேனாவுமாக நின்றிருந்தார். உள்ளே யார் 'கு' சொன்னாலும் நோட்டில் ஒரு கோடு இழுப்பது அவர் வேலை.

"சார், தப்பா வந்திருக்கு. வலி எனக்கு இல்ல. அக்காவுக்கு."

பியூன் இரண்டு கோடு இழுத்தார்.

தலைவர் சான்றைப் பார்த்தார். அவர் கெட்டவர் இல்லை. கடுமையாகக்கூடப் பேசத் தெரியாதவர். "ஒன்பது வந்திருக்கே. இந்த வருஷத்துல இதுதான் அதிகம். இதை எப்படித் தப்புன்னு சொல்றது?"

"அக்காவுக்கு வலிக்கிறதைப் பாத்துத்தான் சார் எனக்கு வலிச்சுது."

இரண்டு கோடு.

"இப்ப நீங்களே சொல்லிட்டீங்க பாருங்க. உங்க கண்ல ஒளி விழுந்தது, காதுல சத்தம் விழுந்தது, மூளையில ஒரு இடம் எரிஞ்சது. எல்லாம் உங்க உடல்லதான் நடந்திருக்கு. அந்தப் படுக்கையில என்ன நடந்ததுன்னு உங்களால எப்படிச் சொல்ல முடியும்?"

"ஐம்பது வருஷம் ஒரே வீட்டுல இருந்திருக்கேன் சார்."

"அது முகவரி. ஆதாரம் இல்ல." தலைவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "ஒரு காலத்துல இந்தத் துறையில எவ்வளவு குழப்பம் தெரியுமா? நரம்பை விளக்கிடுவோம், மூளையை விளக்கிடுவோம், எல்லாம் முடிஞ்சதுன்னு நினைக்கும்போது யாராவது வந்து, சரி சார், ஆனா அது ஏன் வலிக்குது, உள்ள அது எப்படி இருக்குன்னு கேப்பாங்க. எங்க முன்னோடிகள் அந்தக் கேள்வியோடயே ரிட்டயர் ஆனாங்க. நாங்கதான் ஆராய்ஞ்சு பாத்தோம். எல்லாத்தையும் விளக்கின பிறகு மிச்சம் நின்னது என்ன? ஒரே ஒரு உருபு. அதையும் எடுத்துட்டோம். இப்ப விளக்கம் முழுமையா இருக்கு. ரெண்டு வருஷமா இந்தக் கட்டடத்துல அந்தக் கேள்வியே வரல."

"எல்லாம் கம்பிதான்னு நானும் ஒத்துக்கறேன் சார்" என்றார் மெக்கானிக். "நானும் கம்பில பொழைக்கிறவன்தான். கம்பி அறுந்தா விளக்கு எரியாது. அதுல சண்டையே இல்ல. எரியறது யாருக்குத் தெரியுதுன்னுதான் கேக்கறேன்."

"அந்த 'யாரோ'வும் ஒரு கம்பிதான்."

"சரி சார். அப்ப அந்தக் கம்பிக்கு வலிக்குது. அதுக்கு ஒரு ஊசி போடுங்க."

 கம்பிக்கு ஊசி போட ஏதாவது விதி இருக்கிறதா என்று பார்க்கத் தலைவர் மேசையின் இழுப்பறையைத் திறந்து விதிப் புத்தகத்தை எடுத்தார். எடுத்து மூடும்போது நினைப்பு விதியில் இருந்தது. சுட்டுவிரல் மாட்டிக்கொண்டது.

 தலைவரின் முகம் வெளுத்தது. "இவ்விரலில்" என்று ஆரம்பித்தார். "இவ்விரலில் ஒரு..." கண்ணில் நீர் முட்டியது. மெக்கானிக் எழுந்து போய் இழுப்பறையை ஆட்டித் திறந்து விரலை விடுவித்தார். நகம் கருத்துவிட்டது. மேசையிலிருந்த தண்ணீர் ஜாடியின் மூடியைத் திறந்து விரலை அதில் முக்கிப் பிடித்துக்கொண்டார். அக்கா செய்வது அப்படித்தான்.

"எனக்கு" என்றார் தலைவர். "எனக்கு... அப்பா... எனக்கு..."

பியூன் நோட்டைத் தாழ்த்திக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார்.

"எழுதுங்க" என்றார் தலைவர் மூச்சு வாங்கிக்கொண்டு. "மூணு. விதின்னா எல்லாருமேதான்." பியூன் மூன்று கோடு இழுத்தார். தலைவர் இடது கையால் அதற்குக் கையொப்பம் போட்டார். அவருடைய நேர்மையை யாரும் குறை சொல்ல முடியாது. அந்த நேர்மைதான் இந்தக் கதையில் என்னைத் தூங்கவிடாமல் செய்வது.

விரல் கொஞ்சம் அடங்கியதும் அவர் குரல் இளகியது. "நீங்க நல்ல மனுஷன். ஒரு வழி சொல்றேன். மேல்முறையீட்டுக் குழு வியாழக்கிழமை கூடுது. கூட இருந்து பாத்த ஆள் நேரில் வந்து சாட்சி சொன்னா, கருவி சொன்னதை மாத்தி எழுதலாம்னு விதி இருக்கு. ஆனா ஒண்ணு. வலியுள்ள உடல் சாட்சி சொல்லக் கூடாது. சொன்னா அது வலி சொல்ற சாட்சி. உங்களோட சாட்சி ஆகாது. முதல்ல கீழ போய் ஊசி போட்டுக்கிட்டு வந்துடுங்க. நிதானமா ஒரு வார்த்தை சொன்னீங்கன்னாப் போதும், நானே கையெழுத்துப் போடறேன்."

மெக்கானிக் தலைவரின் காலில் விழாத குறை. கிடைத்துவிட்டது என்றே நினைத்தார். அன்று மாலை அக்காவின் காதருகே குனிந்து, "வியாழக்கிழமை வரைக்கும் பொறுத்துக்கக்கா" என்றார். அக்காவின் கண் அவரைப் பார்த்தது.

வியாழக்கிழமை பத்தரைக்குத் தரைத்தள அறையில் அவருக்கு ஊசி போட்டார்கள். கையில் சுருக்கென்றது, பிறகு கை இதமானது, பிறகு நெஞ்சு. ஆறு மாதமாகக் காதுவரை தூக்கிக்கொண்டிருந்த தோள் இரண்டும் தாமாக இறங்கின. சுவருக்கு அடித்திருந்த இளம்பச்சை அழகாக இருப்பது இப்போதுதான் தெரிந்தது. மாடிப்படி ஏறும்போது முழங்கால்கூடச் சத்தம் போடவில்லை.

குழுவில் மூன்று பேர். நடுவில் தலைவர், விரலில் கட்டோடு. மெக்கானிக்கைப் பார்த்து, பயப்படாதீர்கள் என்பதுபோலத் தலையசைத்தார்.

"ஆறாம் எண் படுக்கையில் உள்ள உடலைத் திருப்பும்போது நீங்க கூட இருந்திருக்கீங்க. என்ன பாத்தீங்க?"

"கட்டைவிரல் மடங்கும். கண்ல தண்ணி வரும். மூக்கால ஒரு சத்தம் வரும்."

"அந்த உடலில் வலி நிகழ்கிறதா?"

மெக்கானிக் வாயைத் திறந்தார். சொல்ல வேண்டியதை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்திருந்தார். சொல் வாயில் இருந்தது. ஆனால் அவர் சோதிக்காத லிஃப்ட் கயிற்றைச் சோதித்தேன் என்று எழுதியதே இல்லை. எழுதும் முன் ஒருமுறை கையை வைத்துப் பார்ப்பவர். இப்போதும் வைத்துப் பார்த்தார். அக்காவின் முகத்தை நினைத்துக்கொண்டார். முகம் வந்தது. மடங்கும் விரல் வந்தது. 'ங்' தெளிவாகக் காதில் கேட்டது. ஒவ்வொன்றும் தனித்தனியாக, சுத்தமாக, துடைத்து வைத்ததுபோல இருந்தது. அதோடு எப்போதும் சேர்ந்து வரும் ஏதோ ஒன்று வரவில்லை. அது எங்கே போனது என்று தேடினார். தேடும்போதும் பதற்றமாக இல்லை.

"சத்தம் வருதுங்க" என்றார்.

"அதைத் தவிர?"

"தண்ணி வருது."

"அதையும் தவிர?" என்று தலைவர் முன்னால் சாய்ந்து கேட்டார். அவருக்கு உண்மையிலேயே கையெழுத்துப் போட ஆசை. "யோசிச்சுச் சொல்லுங்க. வலி நிகழ்கிறதா?"

மெக்கானிக் யோசித்தார். அவசரமே இல்லாமல் யோசித்தார்.

"தெரியலைங்க."

குழு அதை எழுதிக்கொண்டது. இடது பக்கம் இருந்த உறுப்பினர் எழுதியதை மறுபடியும் படித்துப் பார்த்துவிட்டு வியந்துபோனார். மனுதாரர் ஒருவர் முழு விசாரணையையும் நான்காம் வேற்றுமை உருபு ஒன்றுகூட இல்லாமல் முடித்தது துறையின் வரலாற்றில் இதுதான் முதல் தடவை. அதைத் தனியாகப் பாராட்டிக் குறிப்பு எழுதினார்கள். ஆறாம் எண் கோப்பு மூடப்பட்டது. மூடிய கோப்பைத் திறக்க விதி இல்லை. தலைவர் கட்டுப்போட்ட விரலோடு கைகொடுத்தார். மெக்கானிக் எல்லோருக்கும் வணக்கம் சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போனார். படியில் ஒரு பழைய சினிமாப் பாட்டை முணுமுணுத்ததாக பியூன் பிறகு சொன்னார்.

நான்கு மணிக்குப் பார்வையாளர் நேரம். ஆறாம் எண் படுக்கைக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"என்னண்ணே ஆச்சு?" என்று நர்ஸ் ஓடி வந்தார்.

"கோப்பை மூடிட்டாங்க."

"ஏன்? நீங்க சொல்லலையா?"

"வலிக்குதான்னு கேட்டாங்க. தெரியலைன்னு சொன்னேன்மா."

நர்ஸ் அவரைப் பார்த்தபடியே நின்றார். பிறகு வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். நேரமாகிவிட்டதால் அப்படியே கண்ணைத் துடைத்துக்கொண்டு அக்காவைத் திருப்பிப் போட்டார். 'ங்' வந்தது. மெக்கானிக் விலகிக் கிடந்த போர்வையின் நுனியை இழுத்துச் சரிசெய்தார். இந்த அம்மா எதற்கு அழுகிறார் என்று அவருக்குப் புரியவில்லை. கேட்கலாமா என்று நினைத்தார், பிறகு விட்டுவிட்டார்.

ஆறு மணிக்கு, பார்வையாளர்கள் கிளம்ப மணி அடிக்கும் நேரத்தில் நர்ஸ் மறுபடியும் வந்தார். மெக்கானிக் எழுந்து ஸ்டூலை ஓரமாக நகர்த்தினார். தோள் இரண்டும் கனத்தன. ஊசியின் வேகம் தீர்ந்துகொண்டிருந்ததை அவர் கவனிக்கவில்லை. நர்ஸ் கையைக் கொடுத்துத் திருப்பினார். கட்டைவிரல் மடங்கியது. கண்ணில் நீர் கோத்தது. 'ங்' வந்தது, அதோடு எப்போதும் சேர்ந்து வருவதும் வந்தது.

மெக்கானிக் கட்டிலின் இரும்பைப் பிடித்துக்கொண்டார். அக்காவுக்கு வலிக்கிறது. இதைத்தானே கேட்டார்கள். மூன்று தடவை கேட்டார்கள், நல்ல வார்த்தையாகக் கேட்டார்கள், பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார்கள். ஒரு சொல். அக்காவுக்காக உலகத்தில் யாரிடமாவது அவர் சொல்ல வேண்டியிருந்தது அந்த ஒரு சொல்தான். அவர் தரையில் உட்கார்ந்து, ஐம்பது வயது ஆள் அழக்கூடாத மாதிரி அழுதார். மற்ற படுக்கைகளின் சொந்தக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நர்ஸ் யாரையும் கிட்டே வரவிடவில்லை.

"உனக்கு வலிக்குதுக்கா" என்றார். "எனக்குத் தெரியும்க்கா. தெரியலைன்னு சொல்லிட்டேன். எனக்குத் தெரியும்."

அக்காவின் உள்ளங்கையில் அவர் வைத்த விரலை மடங்கிய கட்டைவிரல் பிடித்துக்கொண்டிருந்தது. அது வெறும் நரம்பின் இழுப்பாக இருக்கலாம். துறையில் கேட்டால் அப்படித்தான் சொல்வார்கள், அவர்கள் சொல்வது பொய்யாகவும் இருக்காது.

சனிக்கிழமை இரண்டாவது ஊசி. மெக்கானிக் போகவில்லை. திங்கட்கிழமையும் போகவில்லை. செவ்வாய்க்கிழமை மாலை மருத்துவமனையில் இருந்தபோது கவுண்டர் அம்மா செல்போனில் கூப்பிட்டார்.

"ரெண்டு ஊசி விட்டுட்டீங்க சார். சான்று நடப்புல இருக்கு. ஒன்பது வந்த உடல், எப்படித் தாங்குறீங்க? ஏதாவது வண்டி வசதி இல்லையா?"

"அதெல்லாம் இல்ல மேடம். எனக்கு வேணாம்."

உருபைக் கேட்டும் அந்த அம்மா திருத்தவில்லை. "வலி இல்லையா சார் இப்ப?"

"இருக்கு."

"அப்புறம் ஏன் சார்? இலவசம்தானே. ரெண்டு நிமிஷ வேலை. போட்டுக்கிட்டா நிம்மதியா இருக்கலாமே."

மெக்கானிக் அக்காவைப் பார்த்தார். திருப்பிப் போடும் நேரம் ஆகியிருந்தது. நர்ஸ் வேறொரு படுக்கையில் வேலையாக இருந்தார்.

"நான் போட்டுக்கிட்டா அக்கா தனியா ஆயிடும் மேடம்" என்றார்.

 அவர் போனைப் பையில் போட்டுக்கொண்டு, கையைத் துடைத்து, ஒரு கையைத் தோளுக்கடியிலும் ஒரு கையை இடுப்புக்கடியிலும் கொடுத்தார். பல்லைக் கடித்துக்கொண்டு, அவசரப்படாமல், அக்காவை இடது பக்கமாகத் திருப்பினார்.